கோல் ஆடினால் நாயும் பாடும்

ஆறரை நிமிடப் படம்தான். 1952 பிப்ரவரியில் எம்ஜிஎம் ஸ்டுடியோ வெளியிட்ட ‘மேஜிக்கல் மேஸ்ட்ரோ’. டெக்ஸ் ஏவரி இயக்கியது. கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: பூச்சீனி என்று ஒரு பெரிய ஓபரா (மேலைநாட்டு இசை நாடகம்) பாடகர், பிறவியில் புல்டாக் நாய், அவரிடம் மிஸ்டோ என்ற மந்திரவாதி வந்து உங்கள் கச்சேரிக்கு முன்னால் என் வித்தையையும் கொஞ்சம் போடுங்களேன் என்று கெஞ்சுகிறான், செய்தும் காட்டுகிறான், பூச்சீனி அவனை உதைத்து வெளியே தள்ளிவிடுகிறார். தெருவில் விழுந்து கிடக்கும் மிஸ்டோ கையிலிருக்கும் மந்திரக்கோலைப் பார்க்கிறான். உள்ளே ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் கையிலும் ஒரு கோல்தான் இருக்கிறது. அவ்வளவுதான், பழிவாங்க வழி கிடைத்துவிட்டது. நடத்துநரின் கோட்டு, தலைமுடி, மூக்கு எல்லாவற்றையும் கழற்றித் தனக்கு மாட்டிக்கொண்டு அவர் இடத்தில் போய் நிற்கிறான். அதற்குப் பிறகு பூச்சீனி என்ன பாடினாலும், கோல் அசைகிற திசைக்கெல்லாம் அவர் வேஷம் மாறிக்கொண்டே இருக்கும்.

‘கோல் ஆடக் குரங்கு ஆடும்’ என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. ஏவரிக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதைச்சுருக்கத்தை நான் பார்த்ததில்லை, குரங்குக்குப் பதில் நாய், அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு ‘கோல்’ என்ற சொல் மந்திரக்கோலுக்கும் பொருந்தும், இசை நடத்துநரின் கோலுக்கும் பொருந்தும். மிஸ்டோவின் மொத்தத் திட்டமும் தமிழில் ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது.

பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் நாயைச் செல்லமாக ‘பூச்’ என்பார்கள். அதை இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் பெயரோடு ஒட்டிப் பூச்சீனி ஆக்கிவிட்டார்கள். ஆனால் அவர் படம் முழுக்கப் பாட முயல்வது புச்சீனியின் பாட்டை இல்லை, ரோசினியின் பாட்டை. அந்தப் பாட்டைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

முதலில் எனக்குப் பல நாளாக இருந்த சந்தேகம் ஒன்று. கார்ட்டூனில் மந்திரவித்தை ஏன் வேலை செய்கிறது? யோசித்துப் பாருங்கள், மேடையில் ஒருவர் தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுத்தால் நாம் வாய் பிளப்பது, அப்படி நடக்காது என்று நமக்குத் தெரிந்திருப்பதால். தொப்பி தொப்பிதான், முயல் முயல்தான், இதற்குள் அது இருக்க முடியாது. ஆனால் கார்ட்டூன் உலகத்தில் பூனை பள்ளத்துக்கு மேல் காற்றில் நிற்கும், கீழே பார்த்த பிறகுதான் விழும். சப்பையாக நசுங்கியவன் உதறிக்கொண்டு எழுந்து நடப்பான். எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்ட இடத்தில் தொப்பியிலிருந்து முயல் வந்தால் என்ன, யானை வந்தால் என்ன? அங்கே மந்திரவாதிதான் மற்ற எல்லோரையும்விடச் சாதாரணமான ஆள். கிணற்றுக்குள் நின்று தண்ணீர் வித்தை காட்டுகிற மாதிரி.

இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்திருக்கிறார்கள். 1937-ல் டிஸ்னி எடுத்த ‘மேஜிஷியன் மிக்கி’யில் மிக்கி மேடையில் வித்தை காட்டுகிறது, டொனால்டு வாத்து கீழே உட்கார்ந்து நக்கல் செய்துகொண்டே இருக்கிறது. வித்தையைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, வாத்தின் கடுப்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். 1942-ல் சக் ஜோன்ஸ் எடுத்த ‘கேஸ் ஆஃப் தி மிஸ்ஸிங் ஹேர்’ படத்தில் பக்ஸ் பன்னி குடியிருக்கும் மரத்தில் அலா பாமா என்ற மந்திரவாதி தன் விளம்பரப் போஸ்டரை ஒட்டிவிடுகிறான். தட்டிக் கேட்டால் முகத்தில் பை பலகாரத்தை அப்புகிறான். சரி, அன்றைக்கு ராத்திரி அவன் தொப்பிக்குள்ளிருந்து வரப்போகும் முயல் யார் என்று சொல்லவும் வேண்டுமா? 2008-ல் பிக்ஸார் ஸ்டுடியோவுக்காக டக் ஸ்வீட்லேண்டு இயக்கிய ‘பிரஸ்டோ’விலும் அதே முயல்தான், அதே கோபம்தான், சாப்பிடக் கேரட் தராத மந்திரவாதி மேல். ஆனால் ‘பிரஸ்டோ’ ஒரு காரியத்தைக் கச்சிதமாகச் செய்தது. இரண்டு தொப்பிகள் உண்டு, ஒன்றுக்குள் கையை விட்டால் இன்னொன்றின் வழியாக வெளியே வரும் என்ற சட்டத்தை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டு, மீதி நேரம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லாமல் அந்த ஒரே சட்டத்தை வைத்து விளையாடியது. மந்திரத்துக்கு ஒரு வேலி போட்டார்கள், அதனால் மந்திரம் மந்திரமாகத் தெரிந்தது.

ஏவரி போட்ட வேலி வேறு. அதைச் சொல்வதற்கு முன், அனிமேஷனுக்கும் மந்திரவித்தைக்கும் இருக்கிற பழைய உறவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இவை இரண்டும் பங்காளிகள் மாதிரி.

சினிமாவில் ஆளை மறையவைக்கும் தந்திரங்களால் பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மெலியஸ் அடிப்படையில் மேடை மந்திரவாதி. 1888-லேயே பாரிஸில் ராபர்ட் ஹூடின் பெயரில் இருந்த மேஜிக் தியேட்டரை விலைக்கு வாங்கி நடத்தியவர். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன், மேடையில் கண்மூடித் திறப்பதற்குள் படம் வரைந்து காட்டுகிற ஆசாமி. 1900-ல் வந்த ‘தி என்சான்டட் டிராயிங்’ என்ற துண்டுப் படத்தில் அவர் தாளில் ஒரு முகத்தை வரைகிறார், பக்கத்தில் ஒரு பாட்டிலையும் கிளாஸையும் வரைகிறார், வரைந்த பாட்டிலைத் தாளிலிருந்து நிஜப் பாட்டிலாகக் கையில் எடுக்கிறார். கேமராவை நிறுத்தி, படத்தை அழித்து, பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினால் முடிந்தது. இன்று ஒரு பள்ளிப் பையன் போனில் செய்துவிடுவான். அன்றைக்கு அது தொப்பி முயலுக்குச் சமம்.

எனக்கு இவர்களைவிடப் பிடித்தவர் வின்சர் மெக்கே. 1914 பிப்ரவரியில் சிகாகோவில் ஒரு மேடை நிகழ்ச்சி. பின்னால் திரை, முன்னால் கையில் சாட்டையோடு மெக்கே. திரையில் ‘கெர்டி’ என்ற டைனோசர். சர்க்கஸில் யானையைப் பழக்குகிறவர் மாதிரி அவர் கட்டளையிடுகிறார், அது காலைத் தூக்குகிறது. திட்டினால் அழுகிறது. அப்புறம் கையிலிருக்கும் ஆப்பிளை அவர் திரையை நோக்கி வீசுகிறார், திரைக்குள் இருக்கும் கெர்டி அதை வாயில் பிடிக்கிறது! நிஜத்தில் அவர் வீசவே இல்லை, வீசுவது போல் திரும்பி உடம்பால் மறைத்துக்கொண்டு அட்டை ஆப்பிளை ஒளித்துவிடுவார், அதே நொடியில் திரையில் வரைந்த ஆப்பிள் வந்து சேரும். நாணயத்தை மறைக்கிற அதே கைவித்தைதான். நேரம் ஒரு இம்மி பிசகினாலும் மானம் போய்விடும். மிருகத்தை ஆட்டுவிக்கிற வேடிக்கை, மந்திரவித்தை, அனிமேஷன் மூன்றும் ஒரே மேடையில். மிஸ்டோவின் கையில் இருக்கும் கோல் மெக்கேவின் சாட்டையிலிருந்து வெட்டி எடுத்தது என்றே எனக்குத் தோன்றும்.

ஏவரி அந்த மேடைகளுக்குப் பின் வந்த தலைமுறை. 1908-ல் டெக்ஸாஸில் பிறந்தவர், பெயரில் இருக்கும் ‘டெக்ஸ்’ அதனால் வந்தது. இளவயதில் வேலை பார்த்த ஸ்டுடியோவில் விளையாட்டுக்கு ஆளுக்கு ஆள் பேப்பர் கிளிப்பை ரப்பரில் வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். வார்னர் பிரதர்ஸில் 1940-ல் இவர் எடுத்த ‘எ வைல்டு ஹேர்’ படத்தில்தான் பக்ஸ் பன்னி நமக்குத் தெரிந்த பக்ஸ் பன்னியாக ஆனது. அங்கிருந்து எம்ஜிஎம்முக்கு வந்தார். அதே கட்டடத்தில் ஹன்னாவும் பார்பெராவும் டாம் அண்டு ஜெர்ரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் இசையமைப்பாளர் ஒருவரே, ஸ்காட் பிராட்லி. டாம் ஓடும்போது காலடிக்குக் காலடி வாத்தியம் ஓடுமே, அந்தக் கைவண்ணம்தான் இங்கேயும்.

சரி, வேலிக்கு வருவோம். நல்ல மந்திரவாதி எவனும் எடுத்த எடுப்பில் முயலை எடுக்கமாட்டான். முதலில் தொப்பியைக் கவிழ்த்துக் காட்டுவான், உள்ளே கையை விட்டுத் துழாவிக் காட்டுவான், முன்வரிசையில் ஒருவரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்வான். காலித் தொப்பியை மனசுக்குள் பதியவைப்பதுதான் வித்தையில் பாதி. கார்ட்டூனில் அந்தக் காலித் தொப்பி கிடையாது என்பதுதானே பிரச்சினை. ஏவரி என்ன செய்தார் என்றால், ஒரு காலித் தொப்பியைத் தானே உருவாக்கினார். அதுதான் அந்தப் பாட்டு.

பூச்சீனி பாடுவது ‘லார்கோ அல் ஃபாக்டோட்டும்’. ரோசினியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ ஓபராவில் வருவது. ‘ஃபிகரோ ஃபிகரோ ஃபிகரோ’ என்று யாராவது மீசையை முறுக்கிக்கொண்டு பாடினால் அது இதுதான், ஓபராவே கேட்காதவர்கள்கூட இந்த ஒரு வரியைக் கேட்டிருப்பார்கள். டாம் அண்டு ஜெர்ரியில் டாம் கோட்டு மாட்டிக்கொண்டு ஓபரா பாட, கீழே தூங்க முடியாமல் ஜெர்ரி தவிக்கும் ஒரு படம் உண்டு, 1964-ல் சக் ஜோன்ஸ் எடுத்தது. அங்கேயும் இதே பாட்டு. பக்ஸ் பன்னி ஓர் ஓபரா பாடகரைப் படாதபாடு படுத்துகிற 1949 படத்திலும் இதேதான். கார்ட்டூன்காரர்களுக்கு இதன்மேல் அப்படி என்ன காதல் என்றால், ஒன்று, 1816-ல் போட்ட பாட்டு, யாருக்கும் ராயல்டி தர வேண்டாம். இரண்டு, வேகம். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு வார்த்தைகள் கொட்டும், கொட்டுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அசைவு வைக்கலாம். மூன்றாவது, எல்லோருக்கும் அடுத்த வரி தெரியும். அடுத்து என்ன வரவேண்டும் என்று தெரிந்தால்தானே அது வராதபோது சிரிப்பு வரும்?

பாட்டின் பொருளைத் தேடிப் படித்தபோது எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. ‘வழி விடுங்கள், ஊர் வேலை எல்லாம் பார்க்கிறவன் வருகிறான்’ என்று ஆரம்பிக்கிறான் நாவிதன் ஃபிகரோ. சவரத்துக்கும் அவன்தான், காதல் கடிதம் கொண்டு போகவும் அவன்தான். எல்லோரும் கூப்பிடுகிறார்கள், ஃபிகரோ இங்கே வா, ஃபிகரோ அங்கே போ, மேலே, கீழே. ஐயோ, ஒவ்வொருத்தராக வாங்கப்பா என்று அவனே அலறும் வரியும் உண்டு. பத்துப் பேர் பத்துத் திசையில் இழுக்கிற ஒரு மனிதனின் பாட்டு! அதைப் பாடுகிற நாயை ஒரு கோல் பத்துத் திசையில் இழுக்கிறது. ஏவரி இதைத் தெரிந்துதான் வைத்தாரா என்று கேட்டால், பெரும்பாலும் அந்த வேகத்துக்காக வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. போகிறபோக்கில் ஒன்று: 1816 பிப்ரவரியில் ரோமில் இந்த ஓபரா முதன்முதலாக மேடையேறிய இரவு பெரும் கூச்சலும் கேலியுமாக முடிந்தது, நடுவில் ஒரு பூனை மேடைக்குள் புகுந்து ஆட்டம் காட்டியது என்று சொல்வார்கள். மிருகங்களுக்கும் இந்தப் பாட்டுக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு.

ஆக, நெஞ்சை நிமிர்த்திய ஒரு பாடகர், கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கைகளைக் கோத்துக்கொண்டு மேடையின் நடுவில். இதுதான் கவிழ்த்துக் காட்டிய தொப்பி. முதல் வரிகளை எந்தக் குறும்பும் இல்லாமல் ஒழுங்காகப் பாடவிடுகிறார் ஏவரி. அப்புறம் கோல் ஒரு சுண்டு. பூச்சீனி பாலே நடனக்காரியின் பாவாடையில் காலைத் தூக்கிச் சுழல்கிறார். இன்னொரு சுண்டு, டென்னிஸ் மட்டையோடு பந்து அடிக்கிறார். இன்னொன்று, கோடு போட்ட ஜெயில் உடையில் கல் உடைக்கிறார், அமெரிக்கக் கால்பந்துக்காரர் ஆகிறார், மாட்டுக்காரப் பையனாகித் தாய்மொழியே மாறிவிட்ட மாதிரி நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறார். ஒவ்வொரு வேஷமும் கலைந்தவுடன், கோட்டு திரும்பி வந்தவுடன், விட்ட இடத்திலிருந்து ஃபிகரோ தொடர்கிறது. இதுதான் அவர் போட்ட வேலி. என்ன வேஷம் போட்டாலும் கச்சேரி நிற்கக் கூடாது.

மிஸ்டோ பூச்சீனியை எத்தனை முறை மாற்றினாலும் அந்த முகத்தில் இருக்கும் கலைஞனின் கம்பீரம் மட்டும் முழுசாக உடைவதில்லை. என்ன நடந்தது என்று திகைக்கிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார், சபை பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று சமாளித்துக்கொண்டு பாட்டைப் பிடித்துக்கொள்கிறார். மேடையில் மைக் ஊளையிடும்போதும், கரண்ட் போய் வரும்போதும், புன்னகை மாறாமல் ஸ்வரத்தை விடாமல் இருக்கிற பாடகரைப் பார்த்திருந்தால் இந்த முகம் உங்களுக்குத் தெரியும். நாம் மிஸ்டோவின் மந்திரத்தைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் சிரிப்பு முழுக்க இந்தச் சமாளிப்பில்தான் இருக்கிறது.

முயல்கள் இரண்டு. மிஸ்டோவின் முயல்கள். மற்றப் படங்களில் முயல்தான் மந்திரவாதியைப் பழிவாங்கும், இங்கே அவை பாடகரோடு சேர்ந்துகொள்கின்றன, கோஷ்டிகானம் மாதிரி. அவர் எதிர்பாராத இடத்திலிருந்தெல்லாம் எட்டிப் பார்க்கும், விரட்டுவார், மறுபடி வரும். மந்திரவாதியின் கருவியாக இருந்த மிருகம் பக்கவாத்தியமாக மாறிவிட்டது. இது சின்ன விஷயம்தான், ஆனால் தொப்பி முயலுக்குப் பழிவாங்குவதைத் தவிர வேறு வேலை கொடுத்த படம் என்று எனக்குத் தெரிந்து இதுதான்.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். பக்கவாட்டுப் பாக்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகர். ரசிகர் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாட்டு பிடிக்காமல் கையில் கிடைத்ததை எல்லாம் பூச்சீனி மேல் எறிகிறார். பழங்களை எறிகிறார், அவை தலையில் போய் உட்கார, கோல் அசைகிறது, பூச்சீனி கார்மென் மிராண்டா ஆகிவிடுகிறார். 1940களில் ஹாலிவுட்டில் பழக்கூடை மாதிரி தொப்பி வைத்து ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்ற பிரேசில் நட்சத்திரம் அவர். மந்திரவாதி ஒரு பக்கம், கல்லெறிகிற ரசிகர் ஒரு பக்கம். கவனித்தால், மிஸ்டோ சும்மா வெறும் காற்றிலிருந்து எதையும் கொண்டுவராமல், ரசிகர் எறிந்த பொருளை எடுத்து வேஷமாக்குகிற இடங்களில்தான் சிரிப்பு ஒரு மாற்று அதிகம். காரணம் இருக்கிற மந்திரத்துக்கு ருசி கூடுதல்.

அதே ரசிகர் ஒரு கட்டத்தில் பட்டறைக்கல்லையே தூக்கிப் போடுகிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். ஆறரை நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 9,400 ஃபிரேம். ஏவரி இந்த ஃபிரேம்களைச் சில்லறை எண்ணுகிற மாதிரி எண்ணுகிற ஆள். ஒரு அசைவு கண்ணில் பதிய ஐந்து ஃபிரேம் போதும் என்பது அவர் கண்டுபிடித்த கணக்கு, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மேலிருந்து ஒரு கனமான பொருள் விழ வேண்டுமா? அது புறப்படுவதையும் வருவதையும் காட்டாதே, தலையில் படுவதற்கு நான்கைந்து ஃபிரேம் முன்னால் திரைக்குள் கொண்டுவா, எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவன் யோசிப்பதற்குள் விழுந்து முடிந்திருக்கும். இது அப்படியே மேடை மந்திரவாதியின் கணக்குதான். பார்க்க விடு, ஆனால் யோசிக்க விடாதே. எடுத்து முடித்த படத்திலும் ஒன்றிரண்டு ஃபிரேம்களை வெட்டிக்கொண்டே இருப்பாராம் மனுஷன். பாட்டுள்ள படத்தில் அது லேசான வேலை இல்லை. பாட்டை முதலில் பதிவு செய்துவிடுவார்கள், எந்த எழுத்து எந்த ஃபிரேமில் விழுகிறது என்று தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொள்வார்கள், அதற்குத்தான் வரைவார்கள். குரல் ஓபராவிலிருந்து நாட்டுப்பாட்டுக்கும் அங்கிருந்து திரும்ப ஓபராவுக்கும் தாவுகிற நொடி தாளிலேயே எழுதப்பட்டுவிட்டது. ஒரு ஃபிரேம் தள்ளிப்போனால் மெக்கேயின் ஆப்பிள் கீழே விழுந்த மாதிரி.

இனி சங்கடமான இடம். அந்தப் பட்டறைக்கல்லுக்குச் சற்று முன் ரசிகர் பேனா மையைப் பூச்சீனி முகத்தில் பீய்ச்சி அடிக்கிறார். முகம் கறுப்பாகிறது, உடனே குரல் அன்றைக்குப் புகழ்பெற்றிருந்த ‘இங்க் ஸ்பாட்ஸ்’ என்ற கறுப்பினப் பாடகர் குழுவின் உச்சஸ்தாயியாகிறது. கல் விழுந்து நசுங்கியதும் அதே குழுவின் அடிக்குரல். குழுவின் பெயருக்கு மைத்துளிகள் என்று பொருள், அதை வைத்து ஒரு சொல் விளையாட்டு. இன்னொரு இடத்தில் சீனர் வேஷம், கேலியான உச்சரிப்போடு. சிவப்பிந்தியர் வேஷமும் உண்டு. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய மேடைப் பழக்கத்தின் எச்சம் இது, அன்றைய அமெரிக்க அரங்கில் இதற்குக் கைதட்டல் கிடைத்தது. பின்னாளில் டிவியில் போடும்போது இந்த இடங்களை வெட்டிவிட்டுப் போட்டார்கள். வெட்டிய பிரதியில் ஒரு வேடிக்கையான கோளாறு: பாட்டு ஒரே தொடர்ச்சியாகப் பின்னப்பட்டதால் அந்த இடங்களில் தாளம் தடுக்கி விழும். என் கருத்தைக் கேட்டால், முழுப் படத்தையும் பார்க்கக் கிடைக்க வேண்டும், ஆனால் குழந்தைகளிடம் தனியாகக் கொடுத்துவிட்டு எழுந்து போகக் கூடாது. அந்த நகைச்சுவையின் வேலைப்பாடு அபாரம்தான், யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது என்பது கசக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

சரி, முடி.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அந்த ஒரு முடியில்தான். பூச்சீனி பாடிக்கொண்டிருக்கிறார். திரையின் ஓரத்தில் ஒரு மயிரிழை நடுங்குகிறது. நான் முதல் முறை லேப்டாப்பில் பார்த்தபோது சட்டை நுனியால் திரையைத் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது, எரிச்சலாக இருந்தது, யாரோ சரியில்லாத பிரதியை ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது பூச்சீனி, பாட்டை நிறுத்தாமலேயே, குனிந்து, அந்த முடியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஃபிலிம் காலத்துத் தியேட்டரில் படம் பார்த்தவர்களுக்கு இந்த முடி பழக்கமானது. புரொஜெக்டரில் ஃபிலிம் கடந்துபோகும் சதுரத் துவாரத்தை ‘கேட்’ என்பார்கள். தூசியோ முடியோ அதன் விளிம்பில் சிக்கிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அதன் நிழலும் படத்தோடு சேர்ந்து பூதாகாரமாகத் திரையில் விழும். ஃபிலிம் உரசிக்கொண்டு போகப் போக அது நடுங்கும். லென்ஸ் எல்லாவற்றையும் தலைகீழாக்கும் என்பதால் திரையில் கீழே தெரியும் முடி நிஜத்தில் கேட்டின் மேல்விளிம்பில் இருக்கும். யாராவது கத்துவார்கள், ஆபரேட்டர் எழுந்து வந்து ஊதிப் பார்ப்பார், இல்லையென்றால் சின்னப் பிரஷ்ஷால் தட்டிவிடுவார். ஏவரி அந்த முடியை வரையவைத்தார். ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, நிஜ முடி நடுங்குகிற மாதிரியே. உடனே எடுத்துவிடாமல் ஆபரேட்டர் அறையில் ஒரு மனிதர் பதறி எழுந்து புரொஜெக்டரை நோக்கி வருவதற்கு ஆகும் நேரம்வரை விட்டுவைத்தார். ஐந்து ஃபிரேம்காரர், இந்த ஒரு இடத்தில் மட்டும் நொடிகளைத் தாராளமாகச் செலவழிக்கிறார்.

முடி வருகிற நேரத்தில் மிஸ்டோ எதையும் செய்யவில்லை, கோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படத்தில் இருக்கும் மந்திரங்களில் மந்திரவாதி செய்யாத ஒரே மந்திரம் இது. இங்கே கவிழ்த்துக் காட்டிய காலித் தொப்பி பூச்சீனியின் பாட்டும் இல்லை, திரைதான். கார்ட்டூனுக்குள் எது வேண்டுமானாலும் நடக்கட்டும் என்று விட்டுவிட்ட நாம், முடி கார்ட்டூனுக்கு வெளியே இருக்கிறது என்று மட்டும் உறுதியாக நம்பினோம். அந்த நம்பிக்கையில்தான் கைவைத்தார். நமக்குப் பின்னால் எட்டாத தூரத்தில், நம் புரொஜெக்டருக்குள் சிக்கிய ஒரு பொருளை, படத்துக்குள் இருக்கும் ஒரு நாய் எட்டிப் பிடுங்குகிறது. கெர்டி வெளியிலிருந்து வந்த ஆப்பிளை வாங்கியதே, அதன் மறுபக்கம்.

இப்போது பெரும்பாலான தியேட்டர்களில் ஃபிலிமே இல்லை. இன்றைக்குப் பார்க்கிற ஒரு சிறுவனுக்குக் கேட்டில் சிக்கும் முடி என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் அவனும் போன் திரையைத் துடைப்பான், அதனால் வித்தை இன்னும் ஓடுகிறது. எனக்கு வேறு ஒருவரை நினைத்துத்தான் கவலை. பழைய படங்களை டிஜிட்டலில் சீரமைக்கிறவர்களின் வேலையே தூசியையும் கீறலையும் முடியையும் ஒவ்வொரு ஃபிரேமாகத் தேடி அழிப்பது. இந்தப் படம் மேசைக்கு வரும்போது அவர் அந்த முடி கிட்டே வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

அமெரிக்காவில் பாதுகாக்கப்பட வேண்டிய படங்கள் என்று ஆண்டுக்கு 25 படங்களை அரசுப் பதிவேட்டில் சேர்ப்பார்கள், 1993-ல் ‘மேஜிக்கல் மேஸ்ட்ரோ’வும் சேர்ந்தது. முடியும் சேர்த்துத்தான் பாதுகாக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

கடைசியில் மிஸ்டோவின் தலையிலிருந்து இரவல் முடி கழன்று விழுகிறது, ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. பூச்சீனி கோலைப் பிடுங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு மேடையில் மிஸ்டோ, கீழே கோலோடு நாய். இதுவரை நிமிடக்கணக்கில் பார்த்த வேஷங்கள் எல்லாம், பாலே பாவாடை, டென்னிஸ், பழத்தொப்பி என்று சரசரவென்று மிஸ்டோ மேல் ஓடுகின்றன. எதையும் விளக்க வேண்டியதில்லை, நமக்கு எல்லாம் தெரியும், அதனால் ஒவ்வொன்றுக்கும் சில ஃபிரேம்களே போதுமாக இருக்கிறது. முயல்களும் கூடவே வருகின்றன.